இரண்டாவது தடவை கேட்பார்கள்

காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டதும் உழவர் சந்தையின் இரைச்சல் அறுந்துபோயிற்று. வாய்கள் மட்டும் அசைந்தன. தக்காளிக்காரம்மா கையை நீட்டி நீட்டி யாரையோ கூப்பிட்டாள், கீரைக்கட்டுகளின் மேல் ஒருத்தி தண்ணீர் தெளித்தாள், ஈஸ்வரமூர்த்தி மஞ்சப்பையை உதறி விரித்துக்கொண்டே கூட்டத்துக்குள் போனார். போவதற்கு முன்னால் ஜன்னல் பக்கம் குனிந்து, "இளநி குடிக்கறயா மணி?" என்று கேட்டிருந்தார். "வேண்டாங்க" என்று வசந்தாமணியின் வாய் சொல்லிவிட்டது. வாய்தான் சொன்னது. தொண்டை காலையிலிருந்தே காய்ந்து கிடந்தது. வேறொரு நாளாயிருந்தால் அவர் இன்னொரு தடவை கேட்டிருப்பார். மனைவியின் முதல் வேண்டாமுக்கு அர்த்தம் கிடையாது என்பது கல்யாணமான புதிதிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்ட விஷயம். இன்றைக்கு நல்ல வெண்டைக்காய் தீர்ந்துபோய்விடுமே என்ற அவசரம். மடியில் போன் கிடந்தது. பத்தரைக்கு நிரஞ்சன் அழைப்பான். பெரிய கம்பெனிகளுக்குப் பெரிய அதிகாரிகளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது நிரஞ்சனின் தொழில், சென்னையில் இருக்கிறான், முகம் தெரியாது, குரல் மட்டும்தான். பூபதி எப்படிப்பட்டவன் என்று அவன் கேட்பான், அவள் சொல்ல வேண்டும். பூபதி அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறவன். இந்த மாதிரிப் பேச்சுக்கு வீடும் ஆகாது, கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீஸும் ஆகாது. கார்தான். அவள் வேலை பார்க்கிற பம்பு கம்பெனியில் மத்தியானம் வண்டி நிறுத்துகிற இடத்தில் நடந்து போனால், எஞ்சினை ஓடவிட்டு, ஜன்னலை ஏற்றிக்கொண்டு, யாராவது ஒரு மேனேஜர் தனியாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார். வேலை தேடுகிறார் என்று அர்த்தம். பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவது மரியாதை. அவளும் எத்தனையோ பேரைப் பார்க்காத மாதிரி போயிருக்கிறாள். யாரும் அவளைப் பார்க்காத மாதிரி போக வேண்டி வந்ததில்லை.

யாராவது இருக்காங்களா. அப்படித்தானே நிரஞ்சன் முதல் தடவை கூப்பிட்டபோது கேட்டான்? அன்றைக்கு மழை. டெஸ்டிங் பகுதியின் தகரக்கூரைக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு நின்று பேசினாள். "மேடம், ஓசூர்ல ஒரு புது பிளான்ட் வருது. வால்வு பண்றவங்க. இப்போ வெறும் நிலம்தான். கட்டறதுலேர்ந்து ஓட்டறது வரைக்கும் ஒரே ஆள் பொறுப்பு, நேரா எம்.டி.கிட்டதான் பேசுவாங்க. உங்களுக்குத் தெரிஞ்ச வட்டத்துல இதுக்கு ஏத்தவங்க யாராவது இருக்காங்களா?" வெறும் நிலம் என்ற சொல்லில் அவளுக்குள் எதுவோ எழுந்து நின்றது. அது எழுந்து நின்றதை அவள் கவனித்தாள். கவனித்து, உட்கார் என்றாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாமா? யாராவது என்றால் யாராவதுதானே? வகுப்பில் டீச்சர் கேட்ட கணக்கைப் போடுகிற மாதிரி யோசித்து, "எங்ககிட்டயே பூபதின்னு ஒருத்தர் இருக்காருங்க" என்று ஆரம்பித்து, மழை ஓய்கிற வரைக்கும் அவனைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மௌனம் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த மௌனம் பெரிதாகிக்கொண்டே போகிறது. அன்றைக்கு அது மழையில் கேட்கவில்லை. சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தியிடம் பெருமையாகச் சொன்னாள். அவர் சிரித்தார். "உன்ற பேரையே சொல்லியிருக்கலாமில்ல?" "அதெப்படீங்க, நம்மள நாமளே சொல்றது?" "ஏன், வாயி சுட்டுருமா?" பூண்டுத் தோல் மின்விசிறிக் காற்றில் பறந்து அவள் புடவையில் ஒட்டியது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்ததாகத்தான் நினைத்தாள். போன செவ்வாய்க்கிழமை நிரஞ்சன் மறுபடி கூப்பிட்டு, பூபதி கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டான், அவனைப் பற்றி உங்களிடம் சனிக்கிழமை விவரமாகக் கேட்க வேண்டும் என்றான். வைக்கப் போகிற நேரத்தில், நல்ல மனசோடுதான், சொன்னான்: "உண்மையைச் சொல்லணும்னா அன்னைக்கு உங்களை மனசுல வெச்சுதான் மேடம் கூப்பிட்டேன். எங்க தொழில்ல நேரா கேக்கறதில்ல. நேரா கேட்டு இல்லேன்னுட்டா ரெண்டு பேருக்கும் சங்கடம். யாராவது இருக்காங்களான்னுதான் கேப்போம். ஆசை இருக்கறவங்க, ஏன் நானே பார்க்கறேனேன்னு வந்துருவாங்க. நீங்க சட்டுனு பூபதி பேரைச் சொன்னதும், சரி, உங்களுக்கு இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன்." அதற்கு அவள் சிரித்தாள். "அப்படீங்களா!" என்று, யாரோ ஒருத்தர் பஸ்ஸைத் தவறவிட்ட கதையைக் கேட்ட மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கேயிருந்து வந்தது? அன்றிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. துடைப்பான் வரைக்கும் வந்து, தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பி, மறுபடி வந்தது. மைசூர்பாவுக்கு எறும்பு வராதா என்று சின்ன வயசில் ஒரு வீட்டில் யோசித்தது ஞாபகம் வந்தது. தட்டைக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்தார்கள். அவள் முதன்முதலாகப் பார்த்த குளிர்சாதனப் பெட்டி அதுதான். வெள்ளையாக, ஒரு ஆள் உயரத்துக்கு, தனக்குத்தானே முனகிக்கொண்டு நின்றது. அப்பா வேலை பார்த்த நூல் மில்லில் புதிதாக வந்திருந்த அதிகாரி வீடு. ஆயுத பூஜைக்கு மறுநாள் அப்பா அவளைச் சைக்கிளில் வைத்து அழைத்துப் போனார். கிளம்பும்போது அம்மா ரிப்பன் கட்டிவிட்டபடியே எப்போதும் சொல்வதைச் சொன்னாள்: "எது குடுத்தாலும் மொதல்ல வேண்டாங்கன்னு சொல்லோணும். ரெண்டாவது தடவை கேப்பாங்க. அப்பவும் வேண்டாங்க. மூணாவது தடவை கேட்டா அப்பாவப் பாத்துட்டு எடுத்துக்கோணும். கண்டதும் கைய நீட்டினா காணாததக் கண்ட மாதிரி ஆயிரும்." அது ஒன்றும் கஷ்டமான பாடமில்லை. அத்தை வீட்டில், மாமா வீட்டில், எதிர்வீட்டில் எல்லாம் அது ஒரு விளையாட்டு. வேண்டாங்க என்றதும், "அட எடு கண்ணு" என்பார்கள். மறுபடி வேண்டாங்க என்றதும், "சும்மா எடு சாமி, கூச்சத்தப் பாரு" என்று கையைப் பிடித்து இழுத்து வைப்பார்கள். கொடுக்கிறவர்களுக்கும் சந்தோஷம், வாங்குகிறவர்களுக்கும் மானம் மிச்சம். ஆனால் அந்த அதிகாரியின் மனைவி எங்கேயோ பம்பாய்ப் பக்கத்திலிருந்து வந்தவள். தட்டைக் கொண்டுவந்து குனிந்து நீட்டினாள். நெய் வாசனை முகத்தில் அடித்தது. ஓரத்தில் பொன்னிறம், நடுவில் செம்பழுப்பு, ஒவ்வொரு துண்டிலும் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். "வேண்டாங்க" என்றாள் சின்ன வசந்தாமணி, இரண்டாவது தடவைக்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டு. அந்த அம்மாள் சிரித்து, கன்னத்தைத் தட்டிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோபமில்லை, கஞ்சத்தனமில்லை. குழந்தை வேண்டாம் என்றது, அவ்வளவுதான். அப்பாவும் அதிகாரியும் பேசி முடிக்கிற வரைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் தட்டின் விளிம்பு மட்டும் தெரிந்துகொண்டிருந்தது. திரும்பி வரும்போது அப்பா, "சமத்து" என்றார். சைக்கிள் கம்பியில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எதிர்க்காற்று என்று நினைத்திருப்பார்.

சமத்து. அந்தச் சொல்லுக்கு வயசே ஆவதில்லை. ஜி.எம். ஓய்வு பெற்றபோது எம்.டி. அவளை உள்ளே கூப்பிட்டார். பழைய முதலாளியின் மகன், அவளைவிடச் சின்னவர், மரியாதையானவர். "மேடம், அடுத்த ஜி.எம். பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். அதுவும் அந்தக் கேள்விதானோ? அன்றைக்கும் யாரோ தட்டை நீட்டித்தான் இருந்தார்களோ? "நீங்க பார்த்துச் செய்யுங்க சார்" என்றாள். பார்த்துச் செய்யுங்க என்றால் எனக்குச் செய்யுங்க என்று அர்த்தம்; கோயமுத்தூரில் எந்தக் கல்யாண மண்டபத்திலும், எந்த முனிசிபல் ஆபீஸிலும் இதற்கு அர்த்தம் தெரியாத ஆள் கிடையாது. வெளிநாட்டில் படித்த அவருக்கு அது சொன்ன அளவுக்கு மட்டுமே கேட்டது. பார்த்தார். பூனாவிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார். அவர் வருகிற வரைக்கும் ஜி.எம். வேலையையும் அவளே பார்த்தாள். தன் பழைய மேஜையிலேயே உட்கார்ந்து பார்த்தாள், அந்த அறைக்குள் காகிதம் எடுக்கப் போனால்கூட நின்றுகொண்டே எடுத்தாள். பூனாக்காரர் வந்ததும் எந்த இரும்பு வார்ப்படம் எங்கேயிருந்து வருகிறது, எந்தத் தொழிலாளியிடம் எந்த மாதிரி பேசினால் கேட்பான் என்பதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவரும் நல்லவர்தான். ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, வசந்தாமணி மேடம்தான் இந்தக் கம்பெனியின் முதுகெலும்பு என்றார். கைதட்டினார்கள். பூபதி பக்கத்து நாற்காலியிலிருந்து சாய்ந்து, "முதுகெலும்பு எப்பவும் பின்னாலதானுங்க மேடம் இருக்கும்" என்று காதில் சொன்னான். சிரிப்பை அடக்க முடியாமல் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவன் ஒருத்தனுக்குத்தான் அது தெரிந்திருந்தது. அதுதான் அவன் மேல் பிடித்தம். அதுதான் இப்போது உறுத்தல். தெரிந்திருந்தும் ஓசூருக்கு அவனே போகிறான். ஏன் போகக் கூடாது? நீதானே சொன்னாய்.

வெறும் நிலம். அவள் கண்ணை மூடினாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வேறு யாரோ வைத்த சுவர்களைச் சுற்றித்தான் நடக்கிறாள். பம்பு கம்பெனியில் வார்ப்படம் ஒரு கோடியில் வந்து இறங்குகிறது, டெஸ்டிங் மறுகோடியில். நடுவில் கிரேன் போகாத ஒரு தூண். அந்தத் தூணை அங்கே வைத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. தூணைச் சுற்றி வண்டி தள்ளிப் பழகிய தொழிலாளிகள் வீட்டிலும் எதையோ சுற்றித்தான் நடப்பார்கள் என்று ஒரு வேடிக்கை உண்டு. தூண் இல்லாத ஒரு கொட்டகையை அவள் எத்தனையோ ராத்திரி மனசுக்குள் கட்டியிருக்கிறாள். வார்ப்படம் வடக்கே நுழைய வேண்டும். கடைசல் நடுவில். டெஸ்டிங் பக்கத்தில் பெரிய ஜன்னல், தண்ணீர் சத்தத்தோடு நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு வெளியே ஒரு மரமாவது தெரிய வேண்டும். பெண்களுக்கு ஓய்வறை கொட்டகைக்குள்ளேயே, அரை மைல் தள்ளி இல்லை. முதல் மெஷின் வந்து இறங்குகிற அன்றைக்கு, காலி சிமெண்ட் தரையில் நின்று, இங்கே என்று கையைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. நாற்காலி இல்லை, அறை இல்லை, வாசலில் பெயர்ப்பலகைகூட இல்லை. இங்கே. அந்த ஒரு சொல். கண்ணைத் திறந்தபோது, டாஷ்போர்டில் படிந்திருந்த தூசியில் அவள் விரல் ஒரு நீளப் பெட்டி போட்டு, வடக்கே ஒரு வாசலும் வைத்திருந்தது. சட்டென்று உள்ளங்கையால் அழித்தாள். யாராவது பார்த்தால்? யார் பார்ப்பார்கள்? தக்காளிக்காரம்மா இந்தப் பக்கம் பார்த்து வாயைத் திறந்து எதையோ கூவினாள். தன் தக்காளிதான் ஊரிலேயே நல்ல தக்காளி என்றுதான் கூவியிருப்பாள். அவளுக்கு வாய் சுடவில்லை.

புதன்கிழமை பூபதி அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். "நீங்க சொன்னதாலதானுங்க மேடம்" என்றான், நின்றுகொண்டே, கண் கலங்க. பிறகு, "வந்துருச்சுன்னா லேஅவுட்டுக்கு உங்ககிட்டத்தான் வந்து நிப்பேனுங்க" என்றான். லேஅவுட். அவள் கட்டிய கொட்டகையை அவன் கட்டுவான். திறப்பு விழாவுக்கு அழைப்பான். மூன்றாவது வரிசையில் உட்கார வைத்து, பன்னீர் தெளித்து, இவங்கதான் எனக்குக் குரு என்று யாருக்காவது அறிமுகப்படுத்துவான். அவள் சிரிப்பாள். அதே சிரிப்பு. இல்லை, இதைத் தடுக்கலாம். பொய் சொல்ல வேண்டியதில்லை. உண்மையையே சொல்லலாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஓட்டை விழுந்த வார்ப்படங்களை ரங்கராஜ் என்ற சூப்பர்வைசர் கவனிக்காமல் விட்டுவிட்டான் என்று, பூபதி எல்லார் முன்னாலும் கையிலிருந்த ஃபைலை அவன் மேல் தூக்கி வீசினான். கிளிப் பட்டு நெற்றியில் கீறல். அது உண்மை. மறுநாள் காலை ஷிப்டு ஆரம்பிக்கிற நேரம், வரிசையாக நின்ற அத்தனை பேர் முன்னாலும், "நேத்து நான் செஞ்சது தப்பு ரங்கராஜ், மன்னிச்சுக்குங்க" என்று அவன் கை கூப்பினான். அதற்குப் பிறகு இன்றுவரை குரலை உயர்த்தியதில்லை. அதுவும் உண்மை. முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் போதும். இந்த மாதிரிப் பேச்சில் சொன்னதைவிட நிறுத்தினதைத்தான் கேட்பார்கள். கோபக்காரர் என்று ஒரு சொல், அப்புறம் ஒரு மூச்சு, புது ஆலைக்கு அவனை விடமாட்டார்கள். மறுபடி தேடுவார்கள். மறுபடி கேட்பார்கள்: யாராவது இருக்காங்களா? இரண்டாவது தடவை. அம்மா சொன்ன மாதிரியே, இரண்டாவது தடவை. ஐம்பத்தொரு வயசு. இனி யார் வந்து மூன்றாவது தடவை கேட்கப் போகிறார்கள்? எறும்பைக் காணவில்லை. போன் மடியில் அதிர்ந்தது.

"மேடம், நிரஞ்சன். பேசலாமா? தனியா இருக்கீங்களா?" "கார்லதானுங்க இருக்கறேன்." அவன் சிரித்தான். "எல்லாரும் கார்லதான் மேடம். நானும் கார்லதான்." கேள்விகள் வந்தன. ஆட்களை வைத்து வேலை வாங்குவாரா? வாங்குவாருங்க. புதுசா ஒண்ணு கட்டின அனுபவம்? கட்டினதில்லீங்க, ஆனா பழசுல எங்கெங்க தப்புன்னு அவருக்குத் தெரியும். அவளுக்கே வியப்பாக இருந்தது. மழையில் பேசிய அதே குரல்தான் வந்துகொண்டிருந்தது, தட்டுத் தடங்கல் இல்லாமல். பிறகு அவன் கேட்டான்: "குறைன்னு ஏதாவது? எல்லார்கிட்டயும் கேக்கறதுதான் மேடம், தப்பா நினைக்காதீங்க." வசந்தாமணி டாஷ்போர்டைப் பார்த்தாள். அழித்த இடத்தில் உள்ளங்கைத் தடம் இருந்தது. "கோவக்காரருங்க" என்றாள். "ஒருக்கா சூப்பர்வைசர் மேல ஃபைலத் தூக்கி வீசிட்டாரு. நெத்தியில காயம்." அந்தப் பக்கம் லேப்டாப் விசைகள் தட்டும் சத்தம் நின்றது. "அப்படியா" என்றான் நிரஞ்சன். வெளியே கீரைக்காரி தெளித்த தண்ணீர் வெயிலில் ஒரு கணம் அந்தரத்தில் நின்ற மாதிரி இருந்தது. தட்டு இப்போது அவள் கையில் இருந்தது. எதிரே பூபதி நின்றான், கண் கலங்க, கையை நீட்டாமல், சமத்தாக. எடுத்துக்கொண்டு போய்க் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்துவிடலாம். கோபமில்லை, கஞ்சத்தனமில்லை. நெய் வாசனை எங்கேயிருந்து வந்தது? அந்த அம்மாளுக்காவது குழந்தையின் ஆசை தெரியாது, இவளுக்குத் தெரியும். "இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்றாள். ஷிப்டு ஆரம்பத்தையும், வரிசையையும், கை கூப்பினதையும் சொன்னாள். ரங்கராஜ் இன்றைக்குப் பூபதிக்காக எதையும் செய்வான் என்பதையும் சொன்னாள். "தப்பு பண்ணாத ஆளை வெச்சு ஆலை நடத்த முடியாதுங்க. பண்ணினத எல்லார் முன்னாலயும் ஒத்துக்கற ஆளு கெடைக்கறதுதான் கஷ்டம்." நிரஞ்சன் மூச்சு விட்டான். "நல்லவேளை சொன்னீங்க. ஃபைல் கதையை இன்னொருத்தரும் சொன்னார் மேடம். பாதியோட நிறுத்திட்டார்." யார் என்று அவள் கேட்கவில்லை. யாரோ ஒருத்தர், ஏதோ ஒரு காரில் உட்கார்ந்து. தன்னைப் போல இன்னொரு ஆள். "ரொம்ப நன்றி மேடம். மறுபடி இந்த மாதிரி ஏதாவது வந்தா உங்களைத்தான் கூப்பிடுவேன், யாராவது நல்ல ஆளா—" "நிரஞ்சன்." "சொல்லுங்க மேடம்." "யாராவது இருக்காங்களான்னு என்கிட்ட இனிமே கேக்காதீங்க." "ஐயோ, தொந்தரவு பண்ணிட்டேனா?" "இல்லீங்க. உங்களுக்கு வேணுமான்னு கேளுங்க." மறுபடி அந்த மௌனம். மழையில்லாததால் இந்தத் தடவை முழுசாகக் கேட்டது. அதை நிரப்ப ஒரு சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து நின்றது, விடவில்லை. நிரஞ்சன் மெதுவாக, புதுப் பாதையில் கால் வைக்கிறவன் போல, "உங்களுக்கு வேணுமா மேடம்?" என்றான். "வேணும்" என்றாள். இரண்டாவது தடவை அவன் கேட்கட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. காத்திருக்கத் தேவையும் இல்லை. "இப்போ கையில ஒண்ணும் இல்ல மேடம். வருஷம்கூட ஆகலாம்." "ஆகட்டுங்க. ஆனா கேளுங்க."

போனை மடியில் வைத்தாள். எதுவும் கிடைக்கவில்லை. ஓசூர் பூபதிக்குப் போய்விட்டது. அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தச் சிமெண்ட் தரையும், வடக்கு வாசலும், மரம் தெரிகிற ஜன்னலும் இருந்த இடத்திலேயே இருந்தன; ஏங்கினால் இப்போதும் நெஞ்சு வலித்தது. ஆனால் வலிக்கிற இடம் எதுவென்று தெரிந்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்கு அப்பால், எதிர்ச் சாரியில், ஈஸ்வரமூர்த்தி பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் தலையை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். ஒரு இளநீர்தான் வெட்டியிருந்தது. அவள் வேண்டாம் என்றிருந்தாளே. வசந்தாமணி பொத்தானை அழுத்திக் கண்ணாடியை இறக்கினாள். சந்தை முழுதும் ஒரே வீச்சில் உள்ளே வந்து விழுந்தது. தக்காளி, தக்காளி, பெங்களூர் தக்காளி. யாரோ யாரையோ திட்டினார்கள். ஒரு ஸ்கூட்டர் விடாமல் ஒலி எழுப்பியது. அத்தனைக்கும் மேலே கேட்கிற மாதிரி அவள் கத்தினாள்: "ஏனுங்க! எனக்கும் ஒண்ணு வேணுங்க!" தக்காளிக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தி இளநீரை வாயிலிருந்து எடுத்து, மோவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தபடி, நம்பாத மாதிரி ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு அங்கேயிருந்தே குரல் கொடுத்தார்: "தண்ணியா, வழுக்கையா?"

"வழுக்கை!" என்றாள், யோசிக்காமல்.